ஆடியும் அதன் பீடமும்

கோயிலிலே மூர்த்தியைத் தரிசிப்பவர் பலர். மூர்த்தி எழுந்தருளியிருக்கும் பீடத்தைக் கூர்ந்து நோக்குபவர் சிலர். தொலைகாட்டியின் வரலாறும் அத்தகையதே. வானத்தை நமக்குக் காட்டிய ஆடிகளைப் பற்றி நூல்கள் பல பேசுகின்றன. அந்த ஆடிகளைத் தாங்கி நின்ற பீடங்களைப் பற்றியோ, அவற்றை நேர்ப்படுத்திய கைகளைப் பற்றியோ பேசுவார் அரியர். ஆனால், தம் கையாலே தொலைகாட்டி செய்தவர்கள் நன்கு அறிந்த உண்மை ஒன்றுண்டு: ஆடியைத் தேய்த்தெடுப்பது பாதி வேலை; அதை முறையாக இருத்துவது மற்றப் பாதி. முந்நூற்றைம்பது ஆண்டுகளாக நடந்துவரும் அந்த மற்றப் பாதியின் கதையைச் சொல்லவே இக்கட்டுரை முற்படுகின்றது.

முதலிற் கருவியின் அமைப்பைச் சுருக்கமாக அறிந்துகொள்வோம். தொலைகாட்டிகள் இருவகைப்படும். முன்புறத்தில் வில்லையை உடையது ஒருவகை. அடியிலே குழிவாடியை உடையது மற்றொருவகை. வீட்டிலே செய்யப்படுவன பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. நீண்ட குழாயொன்றின் அடியில் வட்டமான குழிவாடி மேல்நோக்கி இருக்கும். இதுவே முதலாடி. நட்சத்திரத்தின் ஒளி குழாயின் வாயால் நுழைந்து, முதலாடியிற் பட்டு, மேல்நோக்கித் திரும்பிக் குவியும். குவிவதற்குச் சற்று முன்னர், குழாயின் வாயருகே சாய்வாக நிற்கும் சிறிய தளவாடியொன்று அதனைப் பக்கத்துக்குத் திருப்பிவிடும். அங்கே பொருத்தியுள்ள பார்வைத்துண்டிற் கண்ணை வைத்து நாம் பார்க்கின்றோம்.

இம்முதலாடியின் பரப்பு எவ்வளவு செம்மையாக இருத்தல் வேண்டும்? பச்சை ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 0.00055 மில்லிமீற்றர். ஆடியிலிருந்து திரும்பும் ஒளியலை தன் சரியான வடிவத்திலிருந்து அலைநீளத்தின் காற்பங்குக்கு மேற் பிசகலாகாது என்பது ஆங்கில விஞ்ஞானி றேலி பிரபு வகுத்த அளவு. ஒளி பட்டுத் திரும்பும்போது பிழை இரட்டிப்பாவதால், ஆடியின் பரப்பிலே பொறுக்கத்தக்க பிழை அதிலும் பாதி, அதாவது 0.00007 மில்லிமீற்றர். தலைமயிரின் தடிப்பிலே ஆயிரத்தில் ஒரு பங்கு என்று சொல்லலாம். இத்துணை நுண்மையாக ஆக்கிய பரப்பை ஒரே ஒரு திருகாணியை அளவுக்கு மிஞ்சி முடுக்குவதாற் கெடுத்துவிடலாம். கல்லைப்போல விறைப்பாகத் தோன்றும் கண்ணாடியும் இந்த அளவிலே இறப்பரைப் போல வளைந்து கொடுக்கும்.

ஆகவே ஆடிப்பீடத்துக்குக் கடமைகள் இரண்டு. ஆடியை நழுவாமற் பிடிக்கவேண்டும், ஆனால் நெரிக்கலாகாது. ஆடியை அசையாமல் நிறுத்தவேண்டும். ஆனால் அதன் அச்சு பார்வைத்துண்டின் நடுவைச் சேருமாறு சிறிது சிறிதாகச் சாய்க்க இடமும் விடவேண்டும். இப்படிச் சாய்த்துச் சரிசெய்வதையே நேர்ப்படுத்தல் என்கிறோம். நமது கோயில்களில் மூர்த்தியைப் பீடத்தில் அட்டபந்தனம் சாத்தி அசையாது இருத்துவர். தொலைகாட்டியின் ஆடிக்கோ அட்டபந்தனம் ஆகாது. ஒட்டாமல், இறுக்காமல், ஆயினும் விழாமல் அதை இருத்தவேண்டும். ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றும் இக்கட்டளைகளை ஒருங்கே நிறைவேற்ற மனிதர் பட்ட பாடே இவ்வரலாறு.

நியூற்றனும் சங்கீத வித்துவானும்

ஆடியாலான தொலைகாட்டியை முதன்முதலில் வெற்றியுடன் செய்து முடித்தவர் ஐசாக் நியூற்றன். ஆண்டு 1668. உலோகத்தைத் தாமே உருக்கி வார்த்து, தாமே தேய்த்து மெருகிட்டுச் செய்த அக்குழாயின் நீளம் ஏறக்குறைய 6 அங்குலந்தான். அவர் செய்த இரண்டாவது கருவி 1671ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டன் றோயல் சங்கத்தாரிடம் சென்றது. 1672இல் அவர் அச்சங்கத்தின் அங்கத்தவரானார். எனவே, உலகின் முதல் ஆடித் தொலைகாட்டியும் கடையிலே வாங்கப்பட்டதன்று, கையாற் செய்யப்பட்டதே. 1721ஆம் ஆண்டில் ஜோன் ஹட்லி என்பார் 6 அங்குல ஆடியுள்ள கருவியொன்றை அதே சங்கத்தார்முன் காட்டினார். இவ்வளவு சிறிய உலோக ஆடிகளுக்குப் பீடம் பெரும் பிரச்சினையாகவில்லை. தடித்த சிறு தட்டைத் தன் பாரம் வளைக்காது.

ஆனால் ஆடி பெருக்கப் பெருக்க நிலைமை மாறுகின்றது. ஒரே தடிப்புள்ள தட்டின் விட்டத்தை இரட்டித்தால், தன் பாரத்தால் அது வளையும் அளவு 2 மடங்கன்று, 16 மடங்காகும். தடிப்பை இரட்டித்தால் வளைவு காற்பங்காகும். ஆனாற் பாரம் இரட்டிக்கும். இந்தக் கணக்கிலே முதலில் மாட்டிக்கொண்டவர் ஒரு சங்கீத வித்துவான்.

வில்லியம் ஹேர்ஷல் 1738ஆம் ஆண்டு ஜேர்மனியின் ஹனோவர் நகரிற் பிறந்து, இங்கிலாந்தில் பாத் என்னும் ஊரிலே தேவாலயத்தில் ஓகன் வாசித்துப் பிழைத்தவர். 1773இல் அவருக்கு வானத்தைப் பார்க்கும் ஆசை பிடித்தது. பெரிய தொலைகாட்டி வாங்கப் பணம் இல்லை. ஆகவே தாமே செய்யத் தொடங்கினார். தங்கை கரோலினும் தமையனுக்குத் துணை நின்றார். ஆடியை மெருகிடும்போது கையை எடுத்தாற் பரப்புக் கெட்டுவிடும் என்று அஞ்சி, ஒருமுறை 16 மணி நேரம் ஹேர்ஷல் இடைவிடாது வேலை செய்தார். தங்கை அவருக்கு உணவை ஊட்டிவிட்டார். 1781 மார்ச் 13ஆந் தேதி இரவு, தம் வீட்டுத் தோட்டத்தில் வைத்திருந்த சிறிது மேற்பட்ட 6 அங்குல ஆடியாலே அவர் யுறேனஸ் என்னும் கிரகத்தைக் கண்டார். பண்டைக் காலந்தொட்டு அறியப்பட்ட கிரகங்களுக்கு அப்பால் ஒரு கிரகம் இருப்பதை உலகுக்குக் காட்டியது வீட்டிற் செய்த கருவியே.

அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் 3 அடி அகலமான ஆடியொன்றை வார்க்க அவர் தம் வீட்டின் அடித்தளத்திலே உலை மூட்டினார். குதிரைச் சாணமும் மண்ணும் குழைத்த அச்சு கசிந்தது. உருகிய உலோகம் தளக்கற்களின்மேற் பாய, கற்கள் வெடித்துச் சிதறின. எல்லோரும் உயிர் தப்ப ஓடினர். பின்னர் அரசர் மூன்றாம் ஜோர்ஜின் பண உதவியுடன் 40 அடி நீளமான தொலைகாட்டி எழுந்தது. அதற்கென 1785இல் வார்த்த முதல் ஆடி ஏறக்குறைய 4 அடி அகலமானது. ஆனால் அது மெல்லியதாய் அமைந்துவிட்டது. தன் பாரத்தாலே தானே வளைந்து உருவம் கெட்டது. ஆகவே மேலும் தடித்த மற்றோர் ஆடியை வார்க்க வேண்டியதாயிற்று. அதன் பாரம் ஏறத்தாழ ஒரு தொன். 1789இல் முடிந்த அப்பெருங்கருவி பேர் பெற்ற அளவுக்குப் பயன்படவில்லை. ஹேர்ஷல் தம் நாளாந்த ஆராய்ச்சிக்கு 20 அடிக் கருவியையே பெரிதும் நாடினார். ஆடி பெரிதானாற் போதாது, அதை ஏந்தும் வழியும் பெரிதாக வேண்டும் என்பது இதனாலே தெளிவாயிற்று.

நேர்ப்படுத்தலிலும் ஹேர்ஷல் துணிந்து ஒரு காரியம் செய்தார். அக்காலத்து உலோக ஆடி தன்மேற் படும் ஒளியில் மூன்றில் இரண்டு பங்கையே திருப்பியனுப்பும். இரண்டாவது ஆடியும் உலோகமாயின் மீண்டும் அவ்வளவு இழப்பு. ஆகவே அவர் சிறிய தளவாடியை அகற்றிவிட்டு, முதலாடியையே சற்றுச் சாய்த்து, ஒளி குழாயின் வாயோரத்திலே குவியுமாறு செய்தார். நேராக நிற்கவேண்டிய ஆடியை வேண்டுமென்றே சாய்ப்பது பிழையை வரவழைப்பதாகும். ஆயினும் அவருடைய ஆடிகளின் குவியத்தூரம் விட்டத்தின் 10 மடங்களவு இருந்தபடியால் அப்பிழை பொறுக்கத்தக்கதாயிற்று. இலாபத்தையும் நட்டத்தையும் நிறுத்துப் பார்த்துச் செய்த காரியம் அது.

சுமையைப் பங்கிட்ட விதம்

பெரிய ஆடியை வளையாமல் ஏந்தும் வழியைக் காட்டியவர் அயர்லாந்தின் டப்ளின் நகரத்துப் பொறியியலாளர் தோமஸ் கிறப். ஆர்மா வானிலையத்துக்கென 1835இல் அவர் செய்த 15 அங்குலத் தொலைகாட்டியில் அந்த வழி அமைந்தது. அதனை விளங்கிக்கொள்ள நமக்கு வெளிநாட்டு உவமை வேண்டியதில்லை. திருவிழாவிலே சுவாமி காவுவதைப் பாருங்கள். வாகனத்தின் கீழே நீண்ட காவுதடிகள். அவற்றின் முனைகளிற் குறுக்குத் தடிகள். குறுக்குத் தடிகளின் முனைகளிலே தோள்கள். தடியின் நடுவே பாரம் தொங்குவதால், ஒருவர் தோள் சற்றுத் தாழ்ந்தாலும் தடி சாய்ந்து கொடுத்துச் சுமையை இரு தோளுக்கும் சமமாகப் பங்கிடும். கிறப் செய்ததும் இதுவே. நிலையான 3 புள்ளிகளின்மேல் ஆடும் 3 முக்கோணத் தட்டுகள். ஒவ்வொரு தட்டின் 3 மூலைகளும் ஆடியைத் தொடும். அப்போது 9 இடங்களிற் பாரம் சமமாகப் பிரியும். அந்த மூலைகளிலும் மேலும் முக்கோணங்களை வைத்தால் 27 இடங்கள். எந்த ஓரிடமும் மற்றதைவிட அதிகமாக ஆடியைத் தள்ள மாட்டாது.

இம்முறையைப் பெரிய அளவிற் கையாண்டவர் றோஸ் பிரபு. அயர்லாந்தின் பார்சன்ஸ்ரவுண் என்னும் ஊரிலே, தம் மாளிகைத் தோட்டத்திலேயே உலை கட்டி, அவ்வூர்த் தொழிலாளரைப் பழக்கி, நிலக்கரிக்குப் பதிலாக அந்நாட்டுச் சேற்று நிலத்தில் வெட்டிக் காயவைத்த கரிமண்ணை எரித்து, 72 அங்குல அகலமும் ஏறக்குறைய 3 தொன் பாரமும் உடைய ஆடியை அவர் வார்த்தார். அது 27 தாங்குதட்டுகளின்மேல் இருத்தப்பட்டது. 1845ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் அவ்வாடியாலே, நாய்கள் எனப்படும் நட்சத்திரக் கூட்டத்திலுள்ள ஒரு புகைப்படலம் சுருள் வடிவினதாய் இருப்பதை முதன்முதற் கண்டனர். சுருள் வடிவமுள்ள அண்டங்கள் உண்டு என்ற அறிவு அன்று பிறந்தது. 27 தட்டுகளும் தம் சுமையைச் சமமாக ஏந்தியிராவிடின் அச்சுருள் வெறும் புகையாகவே தோன்றியிருக்கும்.

உலோகம் போய்க் கண்ணாடி வந்தது

உலோக ஆடிக்குப் பெரிய குறை ஒன்றிருந்தது. ஈரக் காற்றால் அது விரைவில் மங்கிவிடும். மங்கினால் மீண்டும் மெருகிடவேண்டும். மெருகிட்டாற் பழைய உருவம் போய்விடும். எனவே பெரிய கருவிகளுக்கு இரண்டு ஆடிகள் வைத்திருந்தனர். ஒன்று பீடத்திலும் மற்றது மெருகிடும் மேசையிலும் இருக்கும். 1850களின் பிற்பகுதியில் ஜேர்மனியில் ஸ்ரைன்ஹைல், பிரான்சில் லெயோன் பூக்கோ ஆகிய இருவரும் கண்ணாடியைத் தேய்த்து அதன்மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சுப் பூசும் வழியைக் கைக்கொண்டனர். வெள்ளி மங்கினாற் கழுவிவிட்டு மறுபடி பூசலாம். கண்ணாடியின் உருவம் அப்படியே இருக்கும்.

பூக்கோ செய்த மற்றோர் உதவி எளிய தொழிலாளிக்குக் கிடைத்த வரப்பிரசாதம் எனலாம். ஓர் ஊசித்துளை விளக்கும் ஒரு சவரக் கத்தியலகும் கொண்டு ஆடியின் பரப்பிலுள்ள மேடுபள்ளங்களை நிழலாகக் காணும் சோதனையை அவர் கண்டுபிடித்தார். ஆடியின்மேல் ஒரு விரலைச் சிறிது நேரம் வைத்து எடுத்தால், அவ்விடம் சூட்டினாற் புடைத்து ஒரு குன்று போலத் தெரியும். சில நிமிடங்களில் ஆறி மறையும். விரலின் சூடே இப்படிச் செய்யுமாயின், இறுக்கிய பிடி என்ன செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவருடைய 80 சென்ரிமீற்றர் ஆடி, காற்று நிரப்பிய மெத்தையொன்றின்மேல் இருந்தது. பார்ப்பவர் மெத்தையின் காற்றைக் கூட்டியும் குறைத்தும் ஆடியை ஏற்றபடி தாங்கச் செய்யலாம். பீடத்தை உயிருள்ள கைபோல் ஆக்கும் முயற்சி அது.

ஏழையின் தொலைகாட்டி

இதுவரை சொன்னவர்களிற் பலர் செல்வர், அல்லது அரசரின் உதவி பெற்றவர். சாதாரண மக்களின் கைக்கு இவ்வித்தையைக் கொண்டுவந்து கொடுத்தவர் அமெரிக்கரான றசல் போர்ட்டர். 1871இல் வேர்மொன்ற் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்ட் நகரிற் பிறந்த அவர், கட்டடக் கலை கற்று, வடதுருவப் பயணங்களிலே ஈடுபட்டுப் பின் ஊர் திரும்பினார். இயந்திரத் தொழிற்சாலைகள் நிறைந்த அவ்வூரிலே, 1920ஆம் ஆண்டில் 15 ஆண்களுக்கும் ஒரு பெண்ணுக்கும் ஆடி தேய்க்கக் கற்றுக்கொடுத்தார். பகலிற் தொழிற்சாலை; மாலையிற் கண்ணாடி தேய்த்தல். 1921இல் ஏழையின் தொலைகாட்டி என்ற தலைப்பில் அவர் எழுதினார். 1923இல் ஒரு சங்கம் அமைந்தது. ஊருக்கு வெளியே ஒரு குன்றின்மேல் தாமே கட்டிய கழக மண்டபத்துக்கு அவர்கள் இட்ட பெயர் ஸ்ரெல்லாபேன். நட்சத்திரக் கோயில் என்பது அதன் பொருள். 1925 நவம்பரில் சயன்றிபிக் அமெரிக்கன் என்னும் சஞ்சிகையில் அல்பேட் இங்கல்ஸ் இவர்களைப் பற்றி எழுத, நாடெங்கும் அடுப்படிகளிலும் நிலவறைகளிலும் கண்ணாடி தேய்க்கும் ஓசை எழுந்தது. இன்றும் ஆண்டுதோறும் அக்குன்றின்மேல் தொலைகாட்டி செய்வோர் கூடுகின்றனர்.

அவர்கள் பெரும்பாலும் செய்தது 6 அங்குல ஆடி. குவியத்தூரம் விட்டத்தின் 8 மடங்கு, அதாவது 48 அங்குலம். தடிப்பு 1 அங்குலம். விட்டத்தில் ஆறிலொரு பங்கு தடிப்பு இருந்தால் ஆடி எளிதில் வளையாது என்பது அவர்களின் விதி. இதற்குப் பீடம் மிக எளியது. வட்டப் பலகையொன்றின்மேல் 3 சிறு தக்கைகள் அல்லது தோல் துண்டுகள், அவற்றின்மேல் ஆடி. ஓரத்தில் 3 பிடிகள். பிடிக்கும் ஆடிக்கும் இடையே ஒரு தாளைச் செருகி எடுக்கக்கூடிய இடைவெளி இருத்தல் வேண்டும். பலகைக்குப் பின்னால் 3 திருகாணிகளும், அவற்றைச் சூழச் சுருள்விற்களும். மூன்று காலுள்ள முக்காலி ஒருபோதும் ஆடாது. நான்கு காலுள்ள மேசை மேடுபள்ளமான நிலத்தில் ஆடும். ஆகவேதான் எங்கும் மூன்று.

இனி நேர்ப்படுத்தும் முறை. முதலிற் பார்வைத்துண்டை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் நடுவே சிறு துளையிட்ட தகர மூடியொன்றைப் பொருத்துவர். துளையினூடாகப் பார்த்தாற் சிறிய தளவாடி தெரியும். அதனுள்ளே முதலாடியின் விம்பம் தெரியும். முதலாடி முழுவட்டமாக நடுவில் தெரியும்வரை தளவாடியைத் திருப்புவர். முதலாடியின் நடுவிலே முன்னரே ஒரு சிறு பொட்டு இட்டிருப்பர். நடுப்பகுதி தளவாடியின் நிழலில் இருப்பதால் அப்பொட்டு ஒளியைக் கெடுக்காது. பின்னர்ப் பின்பக்கத்து 3 திருகாணிகளையும் ஒவ்வொன்றாகச் சிறிது சிறிதாகத் திருக, தாம் பார்க்கும் துளையின் விம்பம் வந்து அப்பொட்டின்மேல் நிற்கும். நெற்றிக்கு நடுவே பொட்டு வைப்பதைப் போன்ற வேலை.

கடைசிச் சோதனை வானத்திலேயே. பிரகாசமான நட்சத்திரமொன்றை நடுவிற் கொண்டுவந்து, பார்வைத்துண்டைச் சற்று வெளியே இழுத்தால் அது வளையங்களாக விரியும். வளையங்கள் ஒரே மையத்தைச் சூழ்ந்திருந்தாற் கருவி நேராயிற்று; ஒரு பக்கம் ஒதுங்கினால் இன்னும் திருகவேண்டும். மேல்நாட்டார் இதற்குத் துருவ நட்சத்திரத்தை நாடுவர்; அது நகராது. நம் நாட்டிலோ அது அடிவானத்தை ஒட்டிக் கலங்கிய காற்றினூடே நிற்பதால், உயரத்திலுள்ள வேறொரு நட்சத்திரத்தைக் கொள்வதே நன்று.

இங்கேதான் இளந் தொழிலாளர் பலர் மனமுடைவது. வளையம் வட்டமாக இராது ஒரு திசையில் நீண்டு, பார்வைத்துண்டை உள்ளே தள்ளும்போது மறுதிசையில் நீளுமாயின், பல மாதம் பாடுபட்டுத் தேய்த்த ஆடி பழுது என்று எண்ணி அதைத் தூக்கியெறிந்து விடுவர். பொறுமை வேண்டும். பார்ப்பவரின் கண்ணிலும் அக்குறை இருக்கலாம். தலையைச் சாய்த்துப் பார்க்க, நீட்சியும் கூடச் சாய்ந்தாற் குற்றம் கண்ணினது. அப்படியன்றாயின், ஆடியைப் பீடத்திலேயே காற்சுற்றுத் திருப்பி இருத்திப் பார்க்கவேண்டும். நீட்சி ஆடியுடன் கூடத் திரும்பினாற் குற்றம் கண்ணாடியினது. நீட்சி பழைய திசையிலேயே நின்றால் ஆடி குற்றமற்றது. குற்றம் பெரும்பாலும் பீடத்தினது. பிடிகளைத் தளர்த்தினாற் போதும்.

மூன்று தக்கைகளையும் ஆடியின் நடுவிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைப்பது? ஆரையின் பத்தில் ஏழு பங்கு என்பது நெடுங்காலம் வழங்கிய விதி. அவ்விடத்தில் ஒரு வட்டம் கீறினால், அதனுள்ளும் புறமும் ஆடியின் பாரம் சரிபாதியாகும். கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆனால், பிற்காலத்திற் கணினியைக் கொண்டு வளைவைக் கணக்கிட்டபோது, மூன்று புள்ளிகளுக்குச் சிறந்த இடம் ஆரையின் பத்தில் நான்கு பங்கை அண்டியதே எனத் தெரிந்தது. சிறிய ஆடியில் வித்தியாசம் தெரியாது. மெல்லிய பெரிய ஆடியில் நன்கு தெரியும். முன்னோர் வகுத்தது என்பதற்காக ஒன்றை ஏற்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம். அளந்து பார்க்கவேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று.

ஏழைகளுக்குக் கற்பித்த அதே போர்ட்டரை, 1928ஆம் ஆண்டில் உலகின் மிகப் பெரிய தொலைகாட்டியின் வேலைக்கு அழைத்தனர். கலிபோர்ணியாவின் பலோமார் மலையில் 1948இல் திறந்துவைக்கப்பட்ட அதன் ஆடி 200 அங்குலம், பாரம் 14.5 தொன். அதன் முதுகைத் தேன்கூடு போல் வார்த்து, 36 குழிகளில் 36 தாங்கிகளைப் பொருத்தினர். ஒவ்வொன்றும் நம் கிணற்றுத் துலாவைப் போல எதிர்ப்பாரம் கொண்ட நெம்பு. கருவி எத்திசை சாய்ந்தாலும் தத்தம் பங்கை அவை தாமே ஏந்திக்கொள்ளும். 3 தக்கைகளும் 36 தாங்கிகளும் ஒரே வித்தையின் இரு நிலைகளே.

ஏணையிற் கிடந்த ஆடி

இவ்வரலாற்றின் அடுத்த நாயகன் ஒரு துறவி. சுவாமி விவேகானந்தர் 1897ஆம் ஆண்டு சனவரியிற் கொழும்பில் வந்திறங்கி, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பேசிச் சென்றதை நாம் அறிவோம். அவரே 1900ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் வேதாந்த சங்கமொன்றை நிறுவினார். அச்சங்கத்தின் மடத்தில் 1944இற் சேர்ந்தவர் ஜோன் டொப்சன். 1915இற் பீக்கிங் நகரிற் பிறந்து, 1927இற் பெற்றோருடன் அமெரிக்கா சென்று, இரசாயனம் கற்றுப் பட்டம் பெற்றவர். வேதாந்தக் கருத்துகளையும் வானியலையும் ஒப்புநோக்கி ஆராயும் பணி மடத்திலே அவருக்குக் கிடைத்தது. கண்டதைப் பிறருக்குக் காட்டாமல் இருக்க அவரால் முடியவில்லை. 1956ஆம் ஆண்டில், கழித்துவிடப்பட்ட கப்பற் சன்னலின் கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்தார்.

துறவிக்குக் கையிற் காசு ஏது? சீமெந்துத் தூண் வார்க்க உதவும் காட்போட் குழாயே அவருக்குத் தொலைகாட்டிக் குழாய். ஒட்டுப்பலகைப் பெட்டியே தாங்கி. அது மேலுங் கீழும் ஆடும், இடமும் வலமும் சுழலும். சக்கரமோ பொறியோ இல்லை. கப்பற் கண்ணாடி அகலத்துக்கு ஏற்ற தடிப்பில்லாதது. ஆறிலொரு பங்கு என்ற பழைய விதிப்படி அது தொலைகாட்டிக்கே உதவாதது. ஆனால் அவர் பெரிய மெல்லிய ஆடிகளைப் பிடிகளால் இறுக்கவில்லை. மோட்டார் வண்டியின் ஆசனப்பட்டி போன்ற அகன்ற நாடாவை ஆடியின் கீழ்ப்பாதி விளிம்பைச் சுற்றி ஏணை போலக் கட்டினார். நம் தாய்மார் சேலையிற் கட்டும் ஏணை குழந்தையின் முதுகை எங்கும் அழுத்தாமல் முழுவதும் ஏந்துவது போல, அந்த நாடா ஆடியின் பாரத்தை விளிம்பு முழுவதிலும் பரப்பிற்று. அவருடைய கருவி ஒருபோதும் பக்கவாட்டிற் புரளாது, மேலுங் கீழுமே சாய்வதால், ஏணை எப்போதும் ஆடிக்குக் கீழேயே இருக்கும். நேர்ப்படுத்தப் பின்பலகையில் மரையாணிகள். போர்ட்டரின் பீடத்தைவிட எளிய பீடம். ஆனால் அதைவிடப் பெரிய ஆடியைத் தாங்கும் பீடம்.

1958இல் டொப்சன் சக்கிரமென்ரோ நகரத்து மடத்துக்கு மாற்றப்பட்டார். அங்கே தொலைகாட்டி வேலை மடத்து ஒழுங்குக்குப் பொருந்தவில்லை. அன்பர்களுக்கு எழுதும் கடிதங்களில் அவர் தொலைகாட்டியை ஜெரேனியம் பூச்செடி என்றே குறிப்பிடுவார். சட்டியில் நட்ட செடி என்றால், குழாயிற் பொருத்திய தொலைகாட்டி என்று பொருள். மாலையிற் கருவியைத் தள்ளிக்கொண்டு தெருவிற் போய்ச் சிறுவருக்கு வானத்தைக் காட்டுவார். இதனால் எழுந்த வேற்றுமை முற்றி, 1967இல் அவர் மடத்தை விட்டு நீங்க நேர்ந்தது. 23 ஆண்டுத் துறவு வாழ்க்கை அத்துடன் முடிந்தது. மடமென்றால் ஒழுங்கு வேண்டும் என்பாரின் நியாயத்தையும் நாம் ஒதுக்க முடியாது. ஆயினும், அவர் வேதாந்தத்தை வெறுத்துப் போகவில்லை. பின்னர் அத்துவைத வேதாந்தமும் நவீன விஞ்ஞானமும் என்ற நூலையே எழுதினார். பிரபஞ்சத் தோற்றம் பற்றி அவர் சொன்னவற்றை விஞ்ஞானிகள் ஏற்கவில்லை. அவர் செய்த தொலைகாட்டியையோ உலகமே ஏற்றுக்கொண்டது. 1968இல் மாணவர் சிலருடன் நடைபாதை வானியலாளர் என்ற சங்கத்தைத் தொடங்கி, தெருமுனைகளிலும் தேசிய வனங்களிலும் வழியிற் போவோரை எல்லாம் அழைத்துச் சந்திரனையும் சனியையும் காட்டினார். தம் கருவிக்கு அவர் உரிமைப்பத்திரம் எதுவும் பெறவில்லை. 2014 சனவரி 15ஆந் தேதி, தமது 98ஆம் வயதிற் காலமானார். இன்று உலகெங்கும் அந்த அமைப்புக்கு அவர் பெயரே வழங்குகின்றது.

அவர் காட்டிய மலிவான வழியால் வீடுகளில் 20 அங்குலத்துக்கு மேற்பட்ட ஆடிகளும் வந்துவிட்டன. அவற்றின் கீழே பாருங்கள்: ஆடும் முக்கோணங்களின்மேல் 18 அல்லது 27 தாங்குபுள்ளிகள், விளிம்பிலே ஏணை. கிறப்பும் டொப்சனும் ஒரே பெட்டிக்குள் சேர்ந்துவிட்டனர். குழாயை நீட்டாமல் ஆடியைப் பெருக்க விரும்பிக் குவியத்தூரத்தைக் குறைத்தபடியால், நேர்ப்படுத்தலும் முன்னைவிடக் கடினமாயிற்று. குவியத்தூரம் விட்டத்தின் 8 மடங்கானால், உருவம் வாலின்றித் துலங்கும் இடத்தின் அகலம் ஏறத்தாழ 11 மில்லிமீற்றர். 4 மடங்கானால் அது 1.4 மில்லிமீற்றரே. பாதியாகக் குறைத்ததற்கு எட்டிலொரு பங்கே மிஞ்சும். ஆகவே, இரவுதோறும் பார்க்கத் தொடங்குமுன் நேர்ப்படுத்துவது அவர்களுக்கு நித்திய பூசை போலாயிற்று.

வாலிபர்களே, ஒரு 6 அங்குல ஆடியைத் தேய்க்கப் பெருந்தனம் வேண்டியதில்லை. சில மாதத்துப் பொறுமையும், இரண்டு கண்ணாடித் தட்டுகளும், தேய்க்கும் தூளும், கீலும் போதும். அதை இருத்தப் பலகைத் துண்டும் மூன்று திருகாணிகளும் போதும். சனியின் வளையமும் வியாழனின் நான்கு சந்திரர்களும் உங்கள் முற்றத்துக்கு வரும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள். உருவம் கலங்கித் தெரிந்தால் உடனே ஆடியைப் பழிக்க வேண்டாம். அதைப் பிடித்திருக்கும் பிடியை முதலிற் பாருங்கள். இது பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோருக்கும், இளைஞரை நடத்தும் சங்கங்களுக்கும் பொருந்தும். தாங்குவது வேறு, நெரிப்பது வேறு. அந்த வேறுபாட்டை அறிந்த கையிலேதான் ஆடி வானத்தைக் காட்டும்.